ஒரு வினையெச்சத்துக்காக மூன்று மணித்தியாலம்

எங்கள் அலுவலகத்துத் தேநீர் அறைச் சுவரில் ஒரு நாள் புதிதாக ஒரு தாள் குத்தப்பட்டிருந்தது. மலை நடைச் சங்கம் ஒன்றின் அறிவித்தல். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குள் நடப்பார்களாம். கடைசி வரியில் ‘எல்லாரும் வரலாம்’ என்று தட்டச்சில் அடித்து, அதன் கீழே பேனையால் ஒரு கோடும் இழுத்திருந்தது.

நான் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கோடு எனக்குத் தொழில். நான் படவரைஞன். தண்ணீர்க் குழாய் எந்த மேட்டில் ஏறி எந்தப் பள்ளத்தில் இறங்கவேண்டும் என்று சமவுயரக் கோடுகளைப் பார்த்துப் படம் கீறிக் கொடுப்பவன். கொழும்பிலும் சிட்னியிலுமாகப் பதினைந்து வருஷம் மலைகளைக் கடதாசியில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு நாளும் கால் வலித்ததில்லை.

தாளைக் குத்தியவர் பக்கத்து மேசைச் சிவப்புத் தாடிக்காரர். அவரிடம் கேட்டேன்.

“எல்லாரும் என்றால், எல்லாருமா?”

அவர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி யோசித்தார். யோசித்த நேரத்தில் பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது.

“இதுவரைக்கும் ஒருத்தரும் அப்படிக் கேட்கவில்லை,” என்றார். “கேட்கத் தேவையில்லாத ஆட்கள்தான் வந்தார்கள் போலிருக்கிறது.”

இது எழுபதுகளின் நடுப்பகுதியில் நடந்தது. ஆட்களை உள்ளே விடும்போது இனி நிறம் பார்ப்பதில்லை என்று இந்த நாடு அறிவித்துச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த அறிவித்தல் கன்பெராவிலிருந்து புறப்பட்டு, நாங்கள் குடியிருந்த லிட்கம்மை நோக்கிக் கால்நடையாக வந்துகொண்டிருந்தது. மலைப்பாதை, நேரம் பிந்தும், சுணங்கத்தான் செய்யும்.

வீட்டில் சொன்னேன். மனுசி குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“நடக்கிறதுக்கு ஒரு சங்கமோ?”

“ஓம்.”

“எங்கை நடக்கினம்?”

“மலையிலை. இறங்கிப் போட்டு, திரும்ப ஏறுவினம்.”

“அங்கை என்ன இருக்கு?”

“ஒண்டும் இல்லை. அதுதான் விசேஷமாம்.”

துருவலைக்குச் சற்று ஓய்வு கொடுத்து என்னைப் பார்த்தாள். “இஞ்சருங்கோ, ஊரிலை ஒருத்தன் றோட்டிலை நடந்து போறானெண்டால் பஸ் வரேல்லை எண்டு அர்த்தம். இவைக்கு என்ன குறை?”

அவளுக்கு விளங்கப்படுத்த எனக்கு வெட்கமாக இருந்தது. நடக்கும் ஆசை எனக்கும் கிடையாது. எனக்கு வேறொரு ஆசை. இந்த நாட்டில் வேலை செய்ய எனக்கு அனுமதி இருந்தது. குடியிருக்க அனுமதி இருந்தது. ரயிலில் என் பக்கத்து ஆசனம் கடைசியாகத்தான் நிரம்பும் என்றாலும், அதில் ஏற அனுமதி இருந்தது. எல்லாம் அனுமதிதான். நாலைந்து பேர் கூடிக் கையை உயர்த்தி, ‘இவர் எங்கள் ஆள்’ என்று ஓர் இடத்திலும் சொன்னதில்லை. அந்தச் சங்கத்தில் அப்படி ஒரு வழக்கம் இருப்பதாகத் தாடிக்காரர் சொன்னார். மூன்று நடை நடந்து காட்டவேண்டும், பிறகு கையுயர்த்தி வாக்கெடுப்பு. அதுவரைக்கும் ‘உத்தேச உறுப்பினர்’. நாற்பத்தொரு வயதில், பெண் பார்க்க வந்து முற்றத்தில் நிற்கும் மாப்பிள்ளை மாதிரி நின்றேன். பெண்வீட்டார் பதினொரு பேர்.

அவர்களில் இரண்டு பேரைச் சொல்லியாகவேண்டும். ஒருவர் நடைகளுக்குத் தலைமை தாங்கும் அம்மையார். பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அறுபது தாண்டிய வயது, கெண்டைக்கால் மட்டும் முப்பது. அவரை நான் மனதுக்குள் தலைவி என்று அழைத்தேன். கையில் எப்போதும் ஒரு நீல அட்டைப் புத்தகம். புறப்படும்போது தலைகளை எண்ணி எழுதுவார், திரும்பியதும் எண்ணி எழுதுவார். “பன்னிரண்டு பேர் இறங்கினால் பன்னிரண்டு பேர் ஏறவேண்டும். மற்றதெல்லாம் வெறும் இயற்கைக் காட்சி,” என்று முதல் நாளே எனக்குச் சொன்னார்.

மற்றவர் செயலாளர். கட்டை ஆள், மீசை, வலது முழங்காலில் ஏதோ பழைய கோளாறு. முதல் நடையில் மட்டும் என்னிடம் மூன்று தரம் கேட்டார்: “உங்களுக்கு வசதியாக இருக்குமா என்றுதான் யோசிக்கிறேன்.” குளிர் வசதியாக இருக்குமா, சாப்பாடு வசதியாக இருக்குமா, எங்களோடு வசதியாக இருக்குமா. என் வசதியைப் பற்றி என் மாமியார் வீட்டில்கூட இவ்வளவு அக்கறைப்பட்டதில்லை. அக்கறை கூடக்கூட அவர் எனக்கு வாசலைக் காட்டுகிறார் என்பது விளங்கியது.

அவர் பயத்துக்கு நானும் காரணம் கொடுத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். முதல் நடைக்கு அலுவலகச் சப்பாத்தும் குடையுமாகப் போனேன். மத்தியானம் எல்லாரும் இரண்டு பாண் துண்டுக்கு நடுவே எதையோ வைத்துக் கடித்துக்கொண்டிருக்க, நான் மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியரைத் திறந்து புட்டும் சம்பலும் கத்தரிக்காய்க் குழம்பும் பரப்பினேன். காடு முழுக்க வாசம். தாடிக்காரர் சம்பலைச் சீஸ் என்று நினைத்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, பிறகு ஓடையில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். அடுத்த நடையில் அவரே கொஞ்சம் கேட்டு வாங்கினார்.

இரண்டாவது நடையில் ஒரு பாறைக் குகைக்குக் கூட்டிப்போனார்கள். அதை இன்ன வெள்ளைக்காரர் கண்டுபிடித்தார் என்று செயலாளர் விளக்கினார். அவர் தலைக்கு மேலே பாறையில், காவிநிறத்துக்கு நடுவே, ஒரு மனிதக் கை விரித்தபடி பதிந்திருந்தது. கண்டுபிடித்தவர் வந்தபோது அந்தக் கை ஏற்கெனவே அங்கே இருந்ததா என்று கேட்டேன். செயலாளர் மேலே பார்த்தார். தலைவியும் பார்த்தார். பிறகு, “நல்ல கேள்வி,” என்று தலைவி சொன்னார். செயலாளருக்கு அது நல்ல கேள்வியாகப் படவில்லை என்பது மீசையில் தெரிந்தது.

மூன்றாவது நடை ஜூன் மாதக் குளிரில், கட்டூம்பாவில். ஆயிரத்துக்குக் கிட்டிய படிகள். பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்கி, கொஞ்சத் தூரம் நடந்து, அதே படிகளால் ஏறவேண்டும். அன்று நான் நன்றாகத்தான் இருந்தேன், சப்பாத்துக்கூடச் சரியான சப்பாத்து. கீழே பனிப்புகார் மூடி, பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் எல்லாரும் தயங்கி நின்றார்கள். செயலாளர் இடப்பக்கம் என்றார். நான் வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். இடப்பக்கத்தில் சமவுயரக் கோடுகள் மயிர்க்கற்றை மாதிரி நெருங்கியிருந்தன. செங்குத்துப் பாறை.

“அந்தப் பக்கம் போனால் சீக்கிரம் கீழே போகலாம்,” என்றேன். “ஆனால் ஒரு தரம்தான்.”

தலைவி படத்தைப் பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பினார்.  என் வாழ்நாளில் வாங்கிய சான்றிதழ்களில் சட்டம் போட்டு மாட்டக்கூடியது அந்த முதுகுதான்.

பிழை மேலே வந்தபிறகு நடந்தது.

அன்றைக்குக் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்து எங்கள் வீட்டில் இறங்குவதாக இருந்தது. மனுசியின் ஒன்றுவிட்ட தம்பி, அவன் பெண்சாதி. நான் இரண்டே கால் ரயிலைப் பிடிக்காவிட்டால் வீட்டில் எனக்கு உத்தேச உறுப்பினர் நிலைதான். நான் முதல் ஆட்களோடு படியேறி வந்துவிட்டேன். ஆறேழு பேர் இன்னும் கீழே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். தலைவி படியின் தலைப்பில், புத்தகத்தோடு நின்றார். சொல்லாமல் போவது மரியாதையில்லை. கிட்டப்போய், பிறந்தது முதல் சொல்லிப் பழகியதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

“ஐ வில் கோ அண்ட் கம்.”

போட்டு வாறன். அதாவது, போய்விட்டு வருகிறேன். வேறு எதைச் சொல்வது?

தலைவி கீழே பார்த்தபடியே, “சரி, சுணங்க வேண்டாம்,” என்றார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊரில் போட்டு வாறன் என்றால், “ஓம், சுணங்காமல் வாங்கோ,” என்பார்கள். லத்தீன் படிப்பித்த அம்மையாருக்கு இதுகூடத் தெரிந்திருக்கிறதே என்று மகிழ்ந்துபோய், ஸ்டேஷனுக்கு நடந்து, ரயிலேறி, பரமட்டாவரை நித்திரை கொண்டேன்.

நான் குளித்து, சாரம் கட்டி, வந்தவர்களோடு இடியப்பத்துக்கு உட்கார்ந்தபோது கதவில் தட்டு. திறந்தால் ஒரு பொலிஸ்காரர். கதவு நிலை அளவுக்கு உயரம், முகத்தில் இன்னும் பருக்கள். அவர் ஒரு தாளைப் பார்த்து, என் பெயரை வாசிக்க முயன்று, பாதியில் கைவிட்டார்.

“அது நீங்களா?”

“மிச்சத்தையும் வாசித்தால் நான்தான்.”

“நீங்கள் காணாமல் போயிருக்கிறீர்கள்.”

“எனக்குத் தெரிந்து இல்லை.”

“கட்டூம்பாவில் காணாமல் போயிருக்கிறீர்கள், சேர். இரண்டு பேர் ரோர்ச் லைற்றோடு இன்னும் கீழே தேடுகிறார்கள். திரும்பி வருகிறேன் என்று சொன்னீர்களாம். எங்கேயோ ஒதுங்கப் போய்க் கீழே விழுந்துவிட்டீர்களோ என்று பயப்படுகிறார்கள். இரண்டு மணியிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது.  பொலிஸ்காரர் தன் காருக்குப் போய், நான் வீட்டில் இருக்கிறேன் என்ற செய்தியை வானொலியில் மலைக்கு அறிவித்தார். சாரத்தோடு இருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அடையாளத்துக்காம்.

உள்ளே வந்தேன். விருந்தாளி கதிரையை விட்டெழுந்து சுவரோடு ஒட்டி நின்றான். நிறம் போயிருந்தது.

“என்ன அத்தான், பொலிஸ் ஏன் வந்தது?”

“நான் காணாமல் போட்டனாம். தேடுகினம்.”

அவன் திரும்பக் கதிரையில் உட்கார்ந்தான். “அங்கை நாங்கள் வீட்டிலை இருந்தால்தான் பொலிஸ் தேடும். இஞ்சை வீட்டிலை இல்லாட்டித் தேடுதோ? நல்ல நாடு அத்தான்.”

மனுசி எனக்கு இன்னொரு இடியப்பம் வைத்தாள். “மலைக்குப் போகேக்கை நான் கேட்டனான், அங்கை என்ன இருக்கெண்டு. ஒண்டும் இல்லை எண்டியள். இப்ப உங்களைத்தான் தேடுகினம்.”

பழைய இலக்கணக்காரர் நிலத்தைப் பிரித்து, மலையில் சேருவதும் காட்டில் காத்திருப்பதும் என்று காதலருக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். தலைவன் வருவதாகச் சொல்லிப் போனால் தலைவி காத்திருப்பாள். அதுதான் அவளுக்குப் பெருமை. என் தலைவி மலையிலேயே காத்திருந்தார், மூன்று மணித்தியாலம், கம்பளிக் குல்லாவோடு. இலக்கணத்தையும் குழப்பிவிட்டேன்.

புதன்கிழமை குழுக் கூட்டம். ஒரு தேவாலயத்தின் பின்மண்டபம், ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகள். சட்டைப்பையில் ஒரு கடிதம் வைத்திருந்தேன். என் விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றுக்கொள்வதாக, இரவிரவாக யோசித்து எழுதிய ஆங்கிலம். உயராத கைகளை எண்ணிப் பார்ப்பதைவிட அது மரியாதை என்று பட்டது. எங்கள் ஊர் ஆள் ஒருவனும் இனி இந்தச் சங்கத்துப் பக்கம் வரமுடியாதபடி வாசலைச் சாத்திவிட்டேன் என்பதுதான் உறுத்தியது. வெள்ளைக்காரன் ஒருத்தன் சொல்லாமல் ரயிலேறியிருந்தால் அவன் ஒருத்தன் முட்டாள். நான் ஏறினால் எங்கள் எல்லாருக்கும் ரயிலேறத் தெரியாது.

முதலில் செயலாளர் எழுந்தார். முழங்காலில் கட்டு.

“இதைத்தான் நான் முதலிலிருந்தே யோசித்தேன்,” என்றார். “நான் அந்தப் படிகளில் அடிவரைக்கும் இறங்கினேன். இருட்டுகிற நேரத்தில். முக்கால் மணித்தியாலம் அவர் பெயரைக் கூப்பிட்டேன். முழுப்பெயரை.”

“நாங்கள் முதல் எழுத்தால்தானே அவரைக் கூப்பிடுகிறோம்?” என்று தாடிக்காரர் கேட்டார்.

“தொலைந்துபோன மனிதனை முதல் எழுத்தால் கூப்பிடுவதா?” செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. “காரில் கிடந்த விண்ணப்பத்தை எடுத்து வரச்சொல்லிப் பார்த்தேன். பதினாறு எழுத்து. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், பதில் இல்லை. நான் பிழையாகச் சொல்வதால்தான் இந்த மனுஷன் பதில் சொல்லவில்லையோ என்று...”

முழங்காலைப் பிடித்தபடி குட்டிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் சட்டைப்பைக்குள் விட்ட கையை எடுத்தேன், கடிதம் இல்லாமல். சிட்னியில் நாலு வருஷம். அலுவலகத்தில் என் பெயரை வெட்டி ஓர் எழுத்தாக்கியிருந்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே வெட்டக் கொடுத்திருந்தேன். முதல் தடவையாக ஒருத்தர் அதை முழுதாக, ஒரு பள்ளத்தாக்கு நிறையக் கூப்பிட்டிருக்கிறார். அந்த நேரம் நான் லிட்கம்மில் சம்பல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“ஏன் அப்படிச் சொன்னீர்கள்?” என்று தலைவி என்னைக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. வகுப்பறைதான் இருந்தது.

எழுந்து சொன்னேன். எங்கள் மொழியில் வாசலைத் தாண்டுகிறவன் ‘போகிறேன்’ என்று சொல்லமாட்டான். அப்படிச் சொன்னால் அது திரும்பாத பயணம். செத்தவர்கள்தான் போவார்கள், அவர்களும் சொல்லிக்கொண்டு போவதில்லை. மற்ற எல்லாரும் போய், வருவார்கள்.

“எப்போது வருவார்கள்?”

“அதைச் சொல்வதில்லை. அது வாக்கு. நேர அட்டவணை இல்லை.”

“இரண்டு வினைச்சொல்,” என்றார் தலைவி. “எது முதன்மை வினை?”

ஞாயிறு வகுப்புக் கரும்பலகை பின்னால் இருந்தது. நோவாவின் பேழைக்குப் பக்கத்தில் இடம் பார்த்துத் தமிழில் எழுதினேன். போட்டு, வாறன். முதலாவது எச்சம், முடியாத சொல். தனியே நிற்காது. இரண்டாவது முற்று. வசனம் அதில்தான் முடியும். “எங்கள் இலக்கணத்தில் போவது அரைகுறை,” என்றேன். “வருவதுதான் முழுவினை.”

தலைவி எழுந்துவந்து ‘வாறன்’ என்பதன் கீழே ஒரு கோடு இழுத்தார்.

“அப்படியானால் நான் குளிரில் மூன்று மணித்தியாலம் நின்றது ஒரு வினையெச்சத்துக்கு.”

“நான் ஆயிரம் படி இறங்கினேன் அதற்கு,” என்றார் செயலாளர்.

தாடிக்காரர் வாக்கெடுப்பை நடத்தலாமா என்று கேட்டார். தலைவி நீலப் புத்தகத்தை விரித்தார். “முடியாது. மூன்றாவது நடை இன்னும் முடியவில்லை. பன்னிரண்டு பேர் இறங்கினார்கள், பதினொரு பேரைத்தான் எண்ணியிருக்கிறேன். இவர் போனார், இன்னும் வரவில்லை. ஞாயிறு பத்து மணி, அதே படித் தலைப்பு. பன்னிரண்டு பேரும் நிற்கவேண்டும். எண்ணி முடித்தபிறகு வாக்கு.”

எனக்காக அவ்வளவு தூரம் யார் வருவார்கள்? ஒருத்தர் வராவிட்டாலும் எண்ணிக்கை பிழைக்கும். ஞாயிறு எட்டரைக்கே படித் தலைப்பில் நின்றேன். தூறல், எதிரே பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. தலைவி ஒன்பதே முக்காலுக்கு வந்தார். பிறகு தாடிக்காரர், பிறகு இரண்டு மூன்று பேராக. பத்து மணிக்குப் பதினொரு தலை. செயலாளர் இல்லை.

“முழங்கால்,” என்றார் தாடிக்காரர் மெல்ல. “வரமாட்டார் என்று நினைக்கிறேன்.”

தலைவி புத்தகத்தைத் திறக்கவேயில்லை.  சாப்பாட்டுக் கரியரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றேன். பதினொரு பேர் நனைந்துகொண்டு பன்னிரண்டாவது ஆளுக்காகக் காத்திருந்தோம், போன ஞாயிறு மாதிரியே. இந்தத் தடவை காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தன்.

பத்து இருபதுக்குக் கைத்தடியை ஊன்றியபடி செயலாளர் புகாருக்குள்ளிருந்து வந்தார். நேரே என்னிடம் வந்தார்.

“எங்கே பிழை விட்டேன்?”

“என்ன பிழை?”

“பெயரில்.”

“மூன்றாவது அசையில். இழுக்கவேண்டும்.”

சொல்லிப் பார்த்தார். திருத்தினேன். நாலாவது தரம் சரியாக வந்தது. வந்ததும், மனுஷன் வேலியோரம் போய், கையை வாயில் குவித்து, பள்ளத்தாக்கைப் பார்த்து முழுப்பலத்தோடு கூப்பிட்டார். எதிர்ப்பாறை பதினாறு எழுத்தையும் ஒன்றும் விடாமல் திருப்பிக் கொடுத்தது. மூன்றாவது அசையை நன்றாகவே இழுத்தது.

“ஓம்!” என்றேன் நான். வேறு என்ன சொல்வது, கூப்பிட்டால் பதில் சொல்லவேண்டாமா?

தலைவி ஒன்றிலிருந்து எண்ணினார். பன்னிரண்டாவது நான். புத்தகத்தில் நேரத்தைக் குறித்து, நடை முடிந்தது என்று எழுதினார். பிறகு வாக்கெடுப்பு. பத்துக் கைகள் உயர்ந்தன. செயலாளர் கைத்தடியை உயர்த்தினார், தடி செல்லுமா என்று யாரோ கேட்டார்கள், செல்லும் என்று தலைவி தீர்ப்புச் சொன்னார். நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தொரு வயதுக்காரன் முகத்தில் தூறல் விழுவதை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள்.

கரியரைத் திறந்தேன். மனுசி பன்னிரண்டு பேருக்குக் கட்டித் தந்திருந்தாள். “வாக்குப் போடாட்டியும் பசிக்கும்,” என்று சொல்லித்தான் தந்தாள். சம்பலைத் தனியாக ஒரு டப்பாவில், மூடியில் ஆங்கிலத்தில் ‘சீஸ் அல்ல’ என்று எழுதியிருந்தாள். அடுத்த வருஷம் அவளும் விண்ணப்பித்தாள், அவள் தம்பியும். யாரும் அவர்களுடைய வசதியை விசாரிக்கவில்லை. பெயரை எப்படிச் சொல்வது என்று செயலாளர் முதலிலேயே கேட்டு எழுதிக்கொண்டார்.

வாக்கெடுப்பு நடந்த அன்று இரண்டே கால் ரயிலுக்கு நேரமானது. எல்லாரையும் பார்த்தேன். என்ன சொல்லிவிட்டுப் புறப்படுவது? போகிறேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. பதினொரு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“போட்டு வாறன்,” என்றேன், தமிழிலேயே.

தலைவி நீலப் புத்தகத்தைத் திறந்து பென்சிலை எடுத்தார்.

“எப்போது?”

“வாற ஞாயிறு. காலை ஏழு ஐம்பது, சென்ட்ரல் ஸ்டேஷன்.”

எழுதினார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“சரி,” என்றார். “சுணங்க வேண்டாம்.”